உபதேசியாரின் சட்டைப்பை

சூசைத்துறைக் கோவில் உபதேசியார் அகுஸ்தீனின் பேனா களவு போன மறுநாள் காலையில், பேனா இல்லாத அவருடைய சட்டைப்பையில் மை ஊற ஆரம்பித்தது. பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சில் ஈரம் பட்டுக் குனிந்து பார்த்தார். காலிப் பையின் அடியில் நெத்திலி நீளத்துக்கு ஒரு நீலக் கோடு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாளை அளவுக்கு வளர்ந்து, பூசை முடிவதற்குள் பை முழுக்கப் பரவி, வேட்டி மடிப்பு வழியாக இறங்கி, அவர் நின்ற இடத்தில் சொட்டியது. பூசைக்கு வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். பேனாவைப் பறிகொடுத்த பைக்கும் வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, மீன் ஏலத்துக்கு நேரமாகிவிட்டதென்று கரைக்கு இறங்கிப் போனார்கள்.

அந்தப் பேனா அவருடைய ஒரே மகன் ரெமி கொடுத்தது. தோணியில் வேலைக்குச் சேர்ந்த ரெமி, கொழும்புக்கு முதல் நடை போய்த் திரும்பியபோது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான். அதற்குள் அண்ணன் தம்பி மாதிரி இரண்டு மைப்பேனாக்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன. ஒன்றில் நீல மை நிரப்பி அப்பாவின் பையில் செருகினான், மற்றதில் பச்சை மை நிரப்பித் தன் பையில் செருகிக்கொண்டான். பச்சை மை பெரிய அதிகாரிகள் போடுவதல்லவா, தோணியில் பாய் இழுக்கிறவனுக்கு எதற்கு என்று அப்பா கேலி செய்தார். தோணியில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அப்படியானால் நான்தானே அதிகாரி என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுத்த நடைக்குப் போனவன் திரும்பவில்லை. தோணியும் திரும்பவில்லை, கூடப் போனவர்களும் திரும்பவில்லை, பலகைத் துண்டு ஒன்றுகூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு உபதேசியார் அந்தப் பேனாவின் மூடியைத் திறக்கவே இல்லை. ஞானஸ்நானமோ சாவோ, எதை எழுதுவதானாலும் சாதாரண பால்பாயிண்டில் எழுதினார். மகன் நிரப்பிய மை மகன் நிரப்பியபடியே இருக்கட்டும் என்று பேனாவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்தார், துக்கம் முட்டும்போது பையைத் தொட்டுக்கொண்டார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தார். கல்லறைத் திருநாளன்று இறந்த ஆத்துமாக்களின் பேர்களோடு ரெமியின் பேரையும் வாசிக்கச் சொல்வது, உடம்புதான் கிடைக்கவில்லை, அந்தப் பேனாவைக் கல்லறையில் புதைத்து மேலே ஒரு சிலுவை நடுவது. கும்பிட ஒரு மண்ணாவது வேண்டாமா என்று மனைவி மெற்றில்டாவிடம் சொன்னார். அவள் குனிந்தபடி மீன் அலசிக்கொண்டிருந்தாள். அவர் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு, மணிக்கூண்டில் புறா எச்சம் கழுவ வேண்டியிருந்ததால் சட்டையைக் கழற்றிக் கோவிலின் பின்னறை ஆணியில் மாட்டிவிட்டு மேலே ஏறினார். இறங்கி வந்தபோது சட்டை இருந்தது, பேனா இல்லை. மகனை இரண்டாம் தரம் கடலில் விட்டவர் மாதிரி அவர் அந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்து அழுதார்.

மை ஊறுவதை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. சட்டையை மாற்றிப் பார்த்தார், புதுச் சட்டையிலும் ஊறியது. பையைக் கிழித்துவிட்டுப் பார்த்தார், பை இருந்த இடத்தில் ஊறியது. சாமியார் ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, நல்ல சோப்பாகப் போட்டுப் பார்க்கும்படி பதில் வந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அவரை வழிமறித்து வரிசையில் நின்று பேனாவுக்கு மை பிடித்துக்கொண்டார்கள். படகுக்காரர்கள் படகின் முன்மூக்கில், அணியத்தில், ஒரு பொட்டு வைக்கச் சொன்னார்கள். இது மாதாவின் மேலாடை நீலம்தான் என்று மாதா சபைப் பெண்கள் சொல்ல, கட்சிக்காரர்கள் சிலர் அது தங்கள் கொடியின் நீலம் என்று வாதாட, இரண்டு தரப்புக்கும் சண்டை வந்து, கோவில் கிணற்றடியில் அந்தச் சட்டையைப் பிழியக்கூடாது என்று ஊர்க் கமிட்டி ஒரு சட்டமே போட்டது. ஒரு விஷயத்தை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஊரெல்லாம் ஒழுகுகிற பை, உபதேசியார் தன் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் நின்றுவிடும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் ஒரு சொட்டு வராது. ஜெபம் பண்ணுகிற வீடு, சாந்தி உள்ள வீடு, அங்கே ஏன் வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

இந்த மை எதைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கமிட்டித் தலைவர் சந்தியாகு. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லிவிட வேண்டும், பதில் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை, அப்படிப்பட்ட மனிதர் அவர். பேனா எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் போனால் பைக்கு வாசனை தெரிகிறது, கிட்டப் போகப் போக ஊறுகிறது, திருடன் வீட்டு வாசலில் கொட்டும் என்றார் அவர். அதனால் காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோணியாரின் சப்பரத்தைச் செவ்வாய்க்கிழமை தெருத்தெருவாகத் தூக்குவது, சப்பரத்துக்கு முன்னால் உபதேசியார் நடப்பது, ஒவ்வொரு வாசலிலும் நிற்பது என்று முடிவானது. கோவிலுக்குள் நடந்த களவு சாமியிடம் நடந்த களவு, பிடிபட்டவர்களைச் சும்மா விடுவதில்லை என்றும் சேர்த்து அறிவித்தார்கள்.

அறிவிப்பு வந்ததும் சூசைத்துறையில் வீட்டுக்கு வீடு பரணில் ஏறிப் பார்த்தார்கள். அந்தோணியார் பேனாவை மட்டும்தான் தேடுவார் என்று யாருக்கு நிச்சயம்? செவ்வாய்க்கிழமை விடியும்போது கோவில் படிக்கட்டில் ஒரு குக்கர் இருந்தது, ஒரு நங்கூரம் இருந்தது, கால் கட்டிய சேவல் இருந்தது, சாமியார் பங்களாவிலிருந்து எப்போதோ காணாமல் போன சுவர்க்கடிகாரம் இருந்தது, யாருடையது என்று யாரும் சொல்ல முன்வராத ஒரு பல்செட்டும் இருந்தது. கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தவர் சந்தியாகு என்று பேச்சு அடிபட்டது, நிரூபிக்க முடியவில்லை. எதையும் கொண்டுவந்து வைக்காத வீடு ஒன்று உண்டு. கோவிலைப் பெருக்கி, பீடத்துத் துணிகளைத் துவைக்கிற சலேத்தம்மாளின் வீடு அது. கொண்டுவந்து வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

சப்பரம் புறப்பட்டது. உபதேசியார் முன்னால் நடந்தார், எல்லோருடைய கண்ணும் அவர் நெஞ்சில் இருந்தது. பை காய்ந்து கிடந்தது. தெற்குத் தெருவில் ஒவ்வொரு வீட்டாரும் வாசலில் முழந்தாளிட்டு, அவர் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் நகர்ந்ததும் எழுந்து, அடுத்த வீட்டைப் பார்க்க ஓடி வந்தார்கள். அதனால் பயந்தவர்கள் குறையக் குறைய வேடிக்கை பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நடுத்தெரு முடிந்தது. வடக்குத் தெருவும் முடியப்போகிறது. உபதேசியார் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கல்லறைத் திருநாள் நெருங்கிவிட்டது, பேனா கிடைக்காவிட்டால் மகனுக்குக் கல்லறையும் இல்லை என்று நினைத்து நினைத்து, அந்தோணியாரே யார் வாசலானாலும் சரி கொட்டட்டும் என்று வேண்டிக்கொண்டே கடைசி வீட்டு வாசலில் போய் நின்றார். மை கொட்டியது. மடை திறந்த மாதிரி கொட்டி அவர் காலடியில் குளம் கட்டியது. வாசலில் சலேத்தம்மாளும் மகள் ஜெனோவாவும் முழந்தாளில் இருந்தார்கள்.

வீட்டைக் கலைத்துப் போட்டுத் தேடினார்கள். பேனா கிடைக்கவில்லை. கிடைக்காததே பெரிய சாட்சி என்றார் சந்தியாகு, கெட்டிக்காரக் கள்ளி அல்லவா ஒளித்து வைத்திருக்கிறாள், அன்றைக்குப் பின்னறையைப் பெருக்கியதும் அவள்தானே. சலேத்தம்மாள் பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூடாது, கோவில் வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று கமிட்டி தீர்ப்புச் சொன்னது. சாமியார் வேண்டாம் என்றார். சத்தமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

ஜெனோவாவின் கல்யாணம்தான் அதில் சிக்கியது. பக்கத்துத் துறையில் மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, மூன்றாவது வருகிற ஞாயிறு. கோவில் பொருளைத் திருடியவள் மகள் என்று எழுந்து சொல்லிவிடுவேன் என்றார் சந்தியாகு. ஓலையில் ஒரு சொல் விழுந்தால் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். ஓலையில் கல்யாணம் நின்றுபோன பெண்ணை அந்தக் கரையில் பிறகு யாரும் கேட்டு வருவதில்லை.

உபதேசியார் தினமும் சலேத்தம்மாள் வாசலுக்குப் போனார். கெஞ்சினார். பேனாவைக் கொடுத்துவிடு, தெருவில் கிடந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளை கல்யாணத்தை முன்னால் நின்று நடத்துகிறேன் என்றார். அவள் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள், பதில் சொல்ல மாட்டாள். சனிக்கிழமை மத்தியானம், வெயிலில் அவர் நெஞ்சிலிருந்து மை வழிந்துகொண்டிருக்க, முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அண்ணே, எம் பிள்ளை கல்யாணத்தைவிட ஒரு பேனா எனக்குப் பெருசா? இருந்தா தந்திருக்க மாட்டேனா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எதையோ மறைக்கிறாள் என்பது தெரிந்தது, ஆனால் அது களவு செய்தவளின் மறைப்பு இல்லை. அந்த நேரத்தில் மை நின்றது. அவர் அதே வாசலில், அதே இடத்தில்தான் நின்றார். ஒரு அடி நகரவில்லை. நின்ற மை கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்தது, விட்டு விட்டு வந்தது, ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. உபதேசியார் வாழ்நாளெல்லாம் எழுதியவர். அந்த இழுப்பும் நிறுத்தமும் அவருக்குத் தெரியும். எங்கேயோ யாரோ அந்தப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் எழுத எழுத இங்கே ஊறுகிறது, கிட்டே தூரம் என்பதெல்லாம் சந்தியாகுவின் கதை, சப்பரத்தன்று இந்த வாசலில் கொட்டியதும் அந்த நேரம் பார்த்து அவர்கள் எழுதியதால்தான். அப்படியானால் தான் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஏன் யாரும் எழுதுவதில்லை? 

வீட்டுக்குத் திரும்பினார். வழியெல்லாம் ஒழுகியது, வீட்டு முன் வரைக்கும் ஒழுகியது. கேட்டைத் திறந்தால் கீல் கத்தும், கத்தினால் நின்றுவிடும் என்பது அவருக்கு இப்போது தெரிந்திருந்ததால், கேட்டைத் தொடாமல் சுற்றிப்போய் வேலி வழியாகப் புகுந்து, சமையலறை ஜன்னலுக்கு வந்தார்.

எப்போதும் சுவரோடு சாய்ந்து திறந்தே கிடக்கிற சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவு இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த சுவர், தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை நீலமாக இருந்தது. ரெமி, ரெமி, ரெமி. மெற்றில்டாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அது, அதையும் ரெமிதான் சொல்லிக்கொடுத்தான். இடம் இல்லாமல் எழுதினதன் மேலேயே எழுதியிருந்தாள். ஒரே ஒரு தரம் நிரப்பிய மை எப்படித் தீராமல் வந்தது என்று அவளும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. மெற்றில்டா முழந்தாளிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மகரத்துக்கு மேல் விசிறி போட்டு அதை மி ஆக்கிக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே போனார்.

"ஏளா, சலேத்து மகளுக்கு நாளைக்கு மூணாம் ஓலை. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் திரும்பவில்லை. "ஒரு கல்யாணம் நின்னா இன்னொரு கல்யாணம் பண்ணலாம். எம் பிள்ளையை நீங்க புதைச்சுட்டா நான் யாரைத் தோண்டி எடுப்பேன்? இது எழுதுத வரைக்கும் அவன் இருக்கான். கேட்டாத் தரமாட்டேன், புடுங்கித்தான் எடுக்கணும்."

பிடுங்கியிருக்கலாம். அதற்காகத்தான் ஊரையே முழந்தாளிட வைத்தார், ஒரு பெண்ணைக் குழாயடியிலிருந்து விரட்ட வைத்தார். ஒரு கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. கோபம்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் வெட்கம் வந்தது, அதற்கும் பின்னால் அவள் மேல் அப்படி ஒரு இரக்கம் வந்து அவரைத் தரையில் உட்கார வைத்தது. இத்தனை வருஷம் அவர் மூடி போட்டுப் பூட்டி வைத்திருந்ததை அவள் திறந்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். வைத்துக்கொள் என்றார். நாளைக்குக் கோவிலில் களவே போகவில்லை, நான்தான் வீட்டில் மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், நீ வர வேண்டாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இருந்தார்கள். சலேத்தம்மாளும் ஜெனோவாவும் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நின்று, மூன்றாம் ஓலை என்று ஆரம்பித்தார். சந்தியாகு எழுந்துவிட்டார்.

"தடை இருக்கு சாமி."

"தடை ஒண்ணும் இல்ல," என்றார் உபதேசியார். "பேனா களவு போகல. எங்க வீட்டுலதான் கிடந்துச்சு. தப்பு என் மேல."

ஊர் முணுமுணுத்தது. பாவம் பார்த்துப் பொய் சொல்கிறார் என்றார்கள் பாதிப்பேர், கோவிலில் நின்று பொய் சொல்வாரா என்றார்கள் மீதிப்பேர். அப்படியானால் பேனாவைக் காட்டும், பார்த்தால் உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் சந்தியாகு. உபதேசியாரிடம் காட்ட ஒன்றும் இல்லை. வைத்துக்கொள் என்று சொன்ன வாய் அது.  மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான், அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது வாசல் பக்கம் மெற்றில்டா வந்து நின்றாள். விரலெல்லாம் நீலம். சலேத்தம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் அக்கா, போயிருங்க என்றாள். அன்றைக்குப் பின்னறையிலிருந்து மெற்றில்டா வெளியே போனதைச் சலேத்தம்மாள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்பது ஊருக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது. மெற்றில்டா கையை விடுவித்துக்கொண்டு, மூடி போட்ட பேனாவை எல்லோரும் பார்க்கத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"நான்தான் எடுத்தேன். சலேத்து எடுக்கல. எம் மகனைப் புதைக்க விடமாட்டேன்."

எல்லோரும் உபதேசியாரின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பை ஊறிக்கொண்டிருந்தது. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு இழுப்பு. பேனா மூடியோடு மெற்றில்டா கையில் இருந்தது, பை ஊறிக்கொண்டிருந்தது. நீலக் கறை காய்ந்த துணியின் மேல், புதிதாக, ஈரமாக, பச்சையாக ஊறிக்கொண்டிருந்தது.

உபதேசியார் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பீடத்தின் பக்கம் திரும்பினார்.

"சாமி, ஆத்துமாக்கள்ல எம் மகன் பேரை அடிச்சிருங்க."

நீரே அடியும் என்று சாமியார் பீடத்தில் இருந்த ஆத்துமாக்கள் பட்டியலை எடுத்து நீட்டினார், இந்தத் தடவை கடைசி வரிசைவரை கேட்கும்படி சொன்னார். மெற்றில்டா பேனாவைச் சலேத்தம்மாளிடம் கொடுத்தாள். அதை முன்னால் அனுப்புவதற்காகச் சலேத்தம்மாள் வாசலைத் தாண்டிக் கோவிலுக்குள் கால் வைத்தாள், தடுக்க யாருக்கும் நினைவு வரவில்லை. ஜெனோவாவும் கூடவே உள்ளே வந்தாள். பேனா கை மாறிக் கை மாறி, சந்தியாகுவின் கைக்கும் வந்து, அவர் அதைச் சூடு பட்டவர்போல உடனே அடுத்தவரிடம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டார். உபதேசியார் மூடியைத் திறந்தார். மகன் கொடுத்த பேனாவால் முதல் முதலாக, மகனுடைய பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார். இழுக்கும்போது பையில் பச்சைக்குப் பக்கத்தில் கொஞ்சம் நீலமும் வந்தது.

பிறகு ஓலையை விட்ட இடத்திலிருந்து வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினார். ஒருவரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போதும் பச்சை நிற்கவில்லை, வேட்டியில் இறங்கித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. மெற்றில்டா முன்னால் வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, முந்தானையை விரித்து அதைப் பிடித்தாள். எங்கே இருந்து எழுதுகிறான், என்ன எழுதுகிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. நிறைய எழுதுகிறான் என்பது மட்டும் தெரிந்தது.